சுமை தூக்குகிறவருக்குத் தேகாப்பியாசம் எதற்கு?

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் நீண்டு கிடக்கும் கடலோரப் பிரதேசத்தில் ஒரு வைத்தியர் தொழில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் ஐம்பது வயதுத் தொழிலாளி ஒருவர் வருகிறார். வைத்தியர் அவருடைய புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். "பெரியவரே! உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. மாத்திரை எழுதித் தருகிறேன். உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தினந்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடந்து வாருங்கள்" என்கிறார்.

"நல்லாச் சொன்னீங்க, டாக்டரய்யா! விடிஞ்சா பொழுதுபோனா மாடா உழைக்கிறேன். எனக்கு இன்னொரு கசரத்து வேறயா?" என்று தொழிலாளி சிரிக்கிறார்.

வைத்தியரும் கூடச் சேர்ந்து சிரித்து விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதன்று. மிகவும் நியாயமான கேள்வி. தேகத்துக்கு உழைப்பு நல்லது என்றால், வட சென்னையில் மூட்டை தூக்குகிறவரையும், பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவரையும், காசிமேட்டிலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் தாய்மாரையும் ரத்தக் கொதிப்பு அண்டவே கூடாதல்லவா? அண்டுகிறதே! ஏன்? உழைப்பு வேறு, தேகாப்பியாசம் வேறா? இந்த வாரம் இந்த விஷயத்தைத்தான் சற்று விசாரிக்கப் போகிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. "ரத்தக் கொதிப்பு" என்று நாம் சொல்லி வந்தாலும், ரத்தம் கொதிப்பதுமில்லை, சூடேறுவதுமில்லை. கோபக்காரருக்கு மட்டும் வரும் வியாதியும் அல்ல. பரம சாதுவான மனிதருக்கும் வரும். ரத்த அழுத்தம் என்பதே சரியான பெயர். தெரு முனையில் உள்ள அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி அடித்தால், ஒவ்வோர் அடிக்கும் குழாய் விம்முகிறது; அடி நின்ற இடைவேளையில் விம்மல் தணிகிறது. ஆனாலும் குழாய்க்குள் சிறிது அழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. நம் இருதயம் அந்தப் பம்பு. சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அது இறைத்துத் தள்ளுகிறது. இருதயம் சுருங்கும் தருணத்தில் நாளங்களில் உள்ள அழுத்தம் மேல் எண். அது தளரும் தருணத்தில் எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். 120-க்கு 80 என்று வைத்தியர் சொல்வது இவ்விரண்டையுமே. பாதரசத்தை எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு அந்த அழுத்தம் தூக்கி நிறுத்தும் என்பதே கணக்கு.

இதை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். கட்டிப் போட்ட ஒரு பெண் குதிரையின் கால் நாளத்தில் பித்தளைக் குழலைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது! இந்தப் பரிசோதனையை அவர் 1733-ல் வெளியிட்டார். மனிதர்களை இப்படிப் பரிசோதிக்க முடியுமா? நல்ல வேளையாக 1896-ல் இத்தாலி தேசத்து ரீவா ரோச்சி என்பவர் புஜத்தில் சுற்றும் காற்றுப் பட்டையைக் கண்டுபிடித்தார். 1905-ல் ருஷியாவின் ராணுவ வைத்தியரான கொரட்காவ், பட்டைக்குக் கீழே குழலை வைத்துக் கேட்டால் எந்தச் சப்தத்தில் மேல் எண்ணும், எந்த நிசப்தத்தில் கீழ் எண்ணும் தெரியும் என்று காட்டினார். இன்றைக்கும் அந்தப் பட்டையும் அந்தச் சப்தமுந்தான். பாதரசம் விஷப் பொருளானதால், பாதரசக் கருவி மட்டும் மெள்ள மெள்ள விடை பெற்று, மின்சாரக் கருவிக்கு இடம் கொடுத்து வருகிறது.

இளைப்பாறி அமர்ந்திருக்கையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும், மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90-க்குக் குறையாமல் நின்றால் அதை வியாதி என்று நம் நாட்டு வைத்தியர்கள் கொள்கிறார்கள். அமெரிக்க வைத்தியர்கள் 2017 முதல் 130-க்கு 80 என்ற இடத்திலேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள். இந்த வியாதியின் சூது என்னவென்றால், வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. பெரும்பாலோருக்குத் தலைவலிகூடக் கிடையாது. வருஷக்கணக்கில் மௌனமாக இருந்து நாளங்களைத் தடிக்கச் செய்து, திடீரென்று ஒரு நாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகக் கோளாறாகவோ வெளிப்படும். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் அப்படிப்பட்ட ஒரு நாள் வந்தால், படுக்கையில் விழுவது ஒருவர்தான் என்றாலும் வீடே படுத்துவிடுகிறது.

இனி உழைப்பின் விஷயத்துக்கு வருவோம். நாம் வேகமாக நடக்கும்போது ரத்த அழுத்தம் குறைகிறதா, கூடுகிறதா? கூடத்தான் கூடுகிறது. மேல் எண் 150, 160 என்று ஏறும். ஓடினால் இன்னும் ஏறும். ஆனால் கால் தசைகளில் உள்ள நுண்ணிய நாளங்கள் விரிந்து கொடுப்பதால் கீழ் எண் அதிகம் அசைவதில்லை. நடந்து முடித்து ஓய்ந்த பிறகுதான் லாபம் ஆரம்பமாகிறது. அழுத்தம், நடப்பதற்கு முன் இருந்ததைவிடச் சற்றுத் தாழ்ந்து, பல மணி நேரம் அப்படியே நிற்கிறது. தினம் தினம் இது நடந்தால், நாளத்தின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வஸ்துவைத் தாராளமாகச் சுரந்து இளகிக் கொடுக்கப் பழகுகிறது. நாளங்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளின் பிடியும் தளருகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சில மாதங்கள் ஒழுங்காக நடந்து வந்தால் மேல் எண் சராசரியாக 5 முதல் 8 வரை இறங்குகிறது. "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். மாத்திரைகளைப் பற்றிய பெரிய ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, மேல் எண் 5 இறங்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரிய ஆபத்துக்கள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன.

பாரம் தூக்கும்போது நடப்பதோ வேறு கதை. மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெரிய சுமையை எழுப்பும்போது, இறுகிய தசைகள் தமக்குள் ஓடும் நாளங்களையே நசுக்கிவிடுகின்றன. ரத்தத்துக்குப் போக வழியில்லை. இருதயமோ இறைத்த வண்ணமாக இருக்கிறது. 1985-ல் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள், கட்டுமஸ்தான ஐந்து பயில்வான்களின் நாளத்துக்குள் நுண்குழலைச் செருகி, அவர்கள் இரு கால்களாலும் பெரும் பாரத்தை உந்தும் சமயத்தில் அளந்து பார்த்தார்கள். சராசரி 320-க்கு 250! பாரத்தை இறக்கியதும் அது சில விநாடிகளில் தணிந்துவிடுகிறது என்பது வாஸ்தவம். இளைஞர்களின் ஆரோக்கியமான நாளங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். ஐம்பது வயதில், ஏற்கெனவே தடித்துப் போன நாளங்களுடன், நாளொன்றுக்கு எத்தனையோ தடவை இப்படி ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதுதான்.

ஆனால் உழைப்பின் கட்சியையும் கேட்க வேண்டாமா? அதற்கும் பலமான சாட்சிகள் இருக்கின்றன. லண்டனில் ஜெரிமி மாரிஸ் என்ற வைத்தியர், மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிப் படியில் ஏறி இறங்கிய வண்ணமாக இருக்கிறார். இருவரும் அதே பஸ்ஸில், அதே தெருவில் போகிறவர்கள். இருதய நோய் அதிகமாகத் தாக்கியது யாரை? ஆசனத்தில் அமர்ந்திருந்தவர்களைத்தான்.

இன்னொரு சாட்சி, நம் கதைக்கு இன்னும் நெருங்கியது. அது துறைமுகத்திலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை ரால்ப் பாபன்பார்கர் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 22 வருஷ காலம் தொடர்ந்து கவனித்து, 1975-ல் முடிவை வெளியிட்டார்கள். லேசான வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், கடின வேலை செய்தவர்களிடையே மாரடைப்பு மரணம் ஏறக்குறைய பாதிதான்! அங்கே சுமை தூக்கியவர்கள் விட்டு விட்டு, வேகமாக உழைத்து, நடுவில் இளைப்பாறி, மறுபடியும் உழைத்தார்கள் என்பதை மட்டும் நேயர்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முடிச்சைப் பிறகு அவிழ்ப்போம்.

நமது துறைமுகத்தின் சரித்திரமும் சுமையின் சரித்திரந்தான். துறைமுகம் கட்டப்படுமுன், கப்பல்கள் தூரத்தில் நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைப் பிளந்துகொண்டு சரக்கைக் கரை சேர்த்தன. கரையிலிருந்து மனிதர்கள் முதுகில் சுமந்தார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதன் பின்னும் மூட்டைகள் மனித முதுகின் மேல்தான் ஏறி இறங்கின. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001-ல் எண்ணூரில் புதிய துறைமுகமே எழுந்தது. நூறு பேர் தூக்கியதை இப்போது ஒரு கிரேன் தூக்குகிறது. அதை ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் அமர்ந்திருக்கிறார். பெட்டியை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர், துறைமுக வாயிலில் மணிக்கணக்காக வரிசையில் காத்துக்கிடக்க நேரிடுகிறது. உட்கார்ந்தபடியே இரவு கழிகிறது. தேநீரும், புகையும், உப்புத் தூவிய பஜ்ஜியும் அவருக்குத் துணை. தகப்பனார் மூட்டை தூக்கினார். பிள்ளை ஆசனத்தில் இருக்கிறார். முதுகு பிழைத்தது, மிகவும் சந்தோஷம். ஆனால் லண்டன் பஸ் ஓட்டுநரின் வியாதி இப்போது நம் எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. "நாள் முழுவதும் உழைக்கிறேன்" என்று அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் உழைத்தது கண்ணும் கையும் நரம்பும். இருதயத்துக்குப் பயிற்சி கிடைக்கவில்லை.

அப்படியானால், இன்னமும் உடலாலேயே உழைக்கிறவர்கள் கதி என்ன? மூட்டை சுமப்பவர், கட்டட வேலை செய்பவர், மீன் கூடை தூக்குபவர் இன்றும் ஏராளமாக இருக்கிறார்களே? இங்கேதான் புதிய ஆராய்ச்சி ஒன்று குறுக்கே வருகிறது. டென்மார்க் தேசத்தில் ஹோல்டர்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு விசித்திரத்தை எடுத்துக் காட்டினார்கள். ஓய்வு நேரத்தில் தேகத்தை அசைப்பவர்களுக்கு ஆயுள் கூடுகிறது; வேலை நேரத்தில் கடுமையாகத் தேகத்தை வருத்துகிறவர்களுக்கு அந்த லாபம் கிட்டுவதில்லை. பல தேசத்து ஆராய்ச்சிகளிலிருந்து 1,90,000-க்கு மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி 2018-ல் வெளியிட்ட கணக்கில், கடின உழைப்புள்ள ஆண்களுக்கு அகால மரண அபாயம் 18 சதவிகிதம் அதிகமாகவே காணப்பட்டது. வறுமையும் புகையிலையும் செய்யும் வேலையை உழைப்பின் தலையில் சுமத்தக் கூடாது என்று ஆட்சேபிக்கிறவர்களும் உண்டு. விவாதம் இன்னும் ஓயவில்லை.

இருந்தாலும் ஹோல்டர்மன் சொல்லும் காரணங்கள் நம் அநுபவத்துக்குப் பொருந்தாமல் போகவில்லை. தேகாப்பியாசம் என்பது சொற்ப நேரம். உழைப்போ எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி. முன்னதில் இருதயம் வேகமாக அடித்து, பிறகு நன்றாக ஓய்கிறது. பின்னதில் நாள் முழுவதும் நடுத்தர வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அழுத்தமும் இறங்காமல் நிற்கிறது. களைத்தால் பயில்வான் நிறுத்திவிடலாம். கூலிக்காரர் நிறுத்த முடியாது. மைதானத்தில் கையும் காலும் வீசி ஆடுகின்றன. வேலையிலோ பாரத்தைப் பிடித்தபடி தசைகள் இறுகியே நிற்கின்றன. இதோடு சித்திரை வெயிலையும், பட்டறைச் சப்தத்தையும், இராத்திரி முறை வேலையால் கெட்ட தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை ஒவ்வொன்றுமே ரத்த அழுத்தத்துக்குப் பகையானவை.

இப்போது முடிச்சை அவிழ்க்கலாம். ஸான் பிரான்ஸிஸ்கோ தொழிலாளிக்கு நன்மை செய்த உழைப்பில் ஓய்வும் கலந்திருந்தது. உடம்பைப் பலப்படுத்துவது சுமை மட்டுமல்ல; சுமைக்குப் பின் வரும் இளைப்பாறலும் சேர்ந்துதான். ஓய்வில்லாத உழைப்பு தேகாப்பியாசம் ஆகாது. அது தேகத்தின் மூலதனத்தை எடுத்துச் செலவழிப்பது. 1923-ம் வருஷம் மே மாதம் முதல் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையிலிருந்து பிறந்த தினம் அது. எஞ்சிய நேரம் ஓய்வுக்கும் உறக்கத்துக்கும் வேண்டும் என்று கேட்ட தொழிலாளர்கள், அறிந்தோ அறியாமலோ நல்ல வைத்திய சாஸ்திரமும் பேசினார்கள்.

ஆகவே அந்தப் பெரியவரின் கேள்விக்கு விடை இதுதான்: "உங்கள் உழைப்பு பெரிது, ஆனால் அது உங்கள் முதலாளிக்காகச் செய்வது. அரைமணி நேரம் உங்கள் இருதயத்துக்காக ஒதுக்குங்கள்." உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அந்த அரைமணி வேகமான நடை. வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. வாய் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். நாளெல்லாம் சுமக்கிறவருக்கோ முதல் மருந்து வேளா வேளைக்கு இளைப்பாறலும், நிழலும், தண்ணீரும், ஏழு மணி நேர உறக்கமும். அதன் பிறகு, வேலை இல்லாத நாளில், தோளில் பாரமின்றிக் கைவீசி நடக்கும் நடை. வேறிடம் தேடி அலைய வேண்டாம். ராயபுரத்தில் முன்பு ராபின்ஸன் பூங்கா என்று பெயர் வழங்கிய அறிஞர் அண்ணா பூங்கா இருக்கிறது. திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமி கோயிலைச் சுற்றிய வீதிகள் இருக்கின்றன. பிரதக்ஷிணம் செய்பவருக்குப் புண்ணியமும் உண்டு, அழுத்தமும் இறங்கும்.

தூக்கியே தீர வேண்டியவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ளட்டும்: மூச்சை அடக்கித் தூக்காமல், தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். "ஐலஸா" என்று கூட்டமாகக் குரல் கொடுத்துத் தூக்கிய நம் முன்னோர்கள் இதைத்தானே செய்தார்கள்? குரல் வெளியே வந்தால் மூச்சும் வெளியே வந்துவிடுகிறது.

உப்பின் விஷயம் சற்றுச் சங்கடமானது. 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்ததற்காகச் சிறை சென்ற பெரியோர்கள் பிறந்த நாட்டில் "உப்பைக் குறை" என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆனால் அவர்கள் கேட்டது உப்பின் மேல் உரிமை. குழம்பில் கூடுதல் உப்பு அல்ல. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்கிறார்கள். பழைய சோற்றுக்குக் கருவாடும், ஊறுகாயும், அப்பளமும் சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது. கருவாட்டை அடியோடு விடச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசிவிட்டு, அந்தக் குழம்பில் தனியே உப்புப் போடாதிருந்தால் கொஞ்சம் மீளலாம்.

அளந்து பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். படியேறி வந்த மூச்சுடன் கையை நீட்டினால் கருவி பொய் சொல்லும். காப்பி குடித்தோ, புகை பிடித்தோ அரைமணி ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இருதயத்தின் மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு இரு முறை அளக்க வேண்டும். 180-க்கு 110 என்று எட்டினவர்கள் கடும் பயிற்சிக்குப் போகுமுன் வைத்தியரைப் பார்த்தே ஆகவேண்டும். நடக்கையில் மார்பு வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். "நடக்கிறேனே, மாத்திரை எதற்கு?" என்று தாமே நிறுத்திவிடுவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. நடை மாத்திரைக்குத் தோழன், பதிலாள் அல்ல.

1782-ல் பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டியாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரி நம் பக்கத்திலேயே இருக்கிறது; மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உண்டு. 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அளக்கக் காசு வேண்டாம், மனந்தான் வேண்டும்.

இதை வாசிக்கும் குடும்பத்தினருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் முப்பது வயதைக் கடந்த எல்லோரும் இந்த மாதம் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். அதோடு நிற்க வேண்டாம். உங்கள் வாசலுக்கு மீன் கொண்டுவரும் அம்மாளிடமும், எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து மாடியேறி வருபவரிடமும், "அழுத்தம் பார்த்துக்கொண்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சுமையை இறக்கி வைத்து அவர் ஐந்து நிமிஷம் உட்கார ஒரு நாற்காலியும், குடிக்க ஒரு செம்பு தண்ணீரும் கொடுங்கள். அந்த ஐந்து நிமிஷமும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.